பற்றாக்குறை சொன்ன தீர்ப்பு

1941 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்குப் பெனிசிலின் ஊசி போடத் தொடங்கியபோது, ஆய்வுக்கூடத்தில் இருந்த மருந்து முழுவதும் அந்த ஒருவருக்கே போதவில்லை. ஏற்றிய மருந்தில் பெரும்பங்கைச் சிறுநீரகம் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும். ஆகவே அவருடைய சிறுநீரைச் சேர்த்துவைத்து, சைக்கிளில் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி அவருக்கே ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது, சாப்பிடவும் ஆரம்பித்தார். ஐந்து நாளில் கையிருப்பு தீர்ந்தது, மார்ச்சில் இறந்துபோனார். அதன்பின், இந்த வைத்தியத்தை நடத்திய ஃப்ளோரியின் குழு பெரும்பாலும் குழந்தைகளுக்கே வைத்தியம் பார்த்தது. சின்ன உடம்புக்குக் குறைந்த மருந்து போதும் அல்லவா? இவற்றையெல்லாம் சாமர்த்தியத்தின் கதையாகவே சொல்லி வருகிறோம். ஆனால் தட்டுப்பாடு, மருந்து யாருக்குக் கிடைக்கும் என்பதோடு நிற்பதில்லை; அந்த மருந்து எதைக் குணப்படுத்தும் என்று மருத்துவர்கள் நம்புவதையும் அதுவே தீர்மானித்துவிடுகிறது.

அமெரிக்காவில் ராணுவத்துக்குப் போக மிஞ்சிய பெனிசிலினைப் பொதுமக்களுக்குப் பங்கிடும் பொறுப்பு பாஸ்டன் மருத்துவர் செஸ்டர் கீஃபரின் குழுவிடம் இருந்தது. ஆளைப் பார்த்து அல்ல, நோயைப் பார்த்தே கொடுப்பது என்பது அவர் வைத்த விதி. அந்த விதியில் இதய வால்வில் கிருமி தொற்றியவர்களுக்கு இடமில்லை. முதலில் சோதித்த சிலருக்குக் குணம் நிலைக்கவில்லை என்பதே காரணம். அவர்களுக்குப் போட்டதோ சொற்ப அளவு. வால்வில் படிந்த கட்டிக்குள் புதைந்திருக்கும் கிருமியை எட்ட அது போதாது. ஆனால் புரூக்ளினில் லியோ லோவே என்ற மருத்துவர் இதே நோய் கண்டவர்களுக்கு, ஃபைசர் நிறுவனத்தின் ஜான் ஸ்மித் கொடுத்து உதவிய மருந்தைக் கூடுதல் அளவில், சொட்டுச் சொட்டாக, நாள்கணக்கில் இடைவிடாமல் ஏற்றினார். நோயாளிகள் தேறினார்கள், 1944 ஜனவரியில் ஏழு பேரின் விவரம் அச்சேறியது.

கீஃபருக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். இப்படி ஒருவருக்குச் செலவாகும் மருந்தில் நிமோனியாக்காரர் பலரைப் பிழைக்க வைக்கலாம். அந்தக் கணக்கு சரியானது, அதை நான் மறுக்கவில்லை. யாரோ ஒருவர் “இல்லை” என்று சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. ஒளிவுமறைவில்லாத விதியை வைத்துச் சொன்னது அவருடைய பெருமை. ஆனால் “உங்களுக்குக் கொடுக்கும் அளவுக்கு இருப்பு இல்லை” என்பது வேறு, “உங்கள் நோய்க்கு இது பயன்படாது” என்பது வேறு. முன்னது இருப்பு கூடியதும் மாறிவிடும்; பின்னது, மேற்கொண்டு சோதித்துப் பார்க்கும் வழியையே அடைத்துவிடுகிறது. இருப்பு கூடவும் செய்தது: 1944 மார்ச்சில் பெனிசிலின் தயாரிக்கும் ஃபைசரின் பெருந்தொட்டிகள் ஓடத் தொடங்கின. 1945 மார்ச்சில் பெனிசிலின் அமெரிக்க மருந்துக்கடைகளுக்கே வந்தது. இன்று அதே வால்வு நோய்க்கு ஒரு நாளைக்கு 1.2 கோடி முதல் 1.8 கோடி யூனிட் வரை, வழக்கமாக நான்கு வாரம் ஏற்றுகிறார்கள்.