வேடரின் வில்லும் மானின் சுவடும்

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் நம்மவர் வள்ளிநாயகியைப் பாடிச் செல்கின்றனர். அவளை வளர்த்த குலத்தாரென்று சொல்லப்படும் ஈழத்து வேடரைப் பற்றி அறிந்தவரோ மிகச் சிலர். வேடர் என்றதும் வில் நம் நினைவுக்கு வருகின்றது. ஆனால் அவர்தம் மான் வேட்டையை ஆராயுமிடத்து, அம்பு எய்தல் அதில் ஒரு சிறு பகுதியே என்பதும், எய்தபின் செய்யவேண்டியதே பெரும்பகுதி என்பதும் புலனாகும்.

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681 இல் வெளியிட்ட நூலை, மிஷன் கல்லூரியிற் பயின்ற நாளில் வாசித்தேன். வேடர் அம்பு பெறும் முறையை அதிற் கண்டு வியந்தேன். இரவிலே வேடன் கொல்லனின் பட்டடையில் இறைச்சியைத் தொங்கவிடுவான். வேண்டிய அம்பின் வடிவாக வெட்டிய இலையொன்றையும் அதனருகே தொங்கவிடுவான். கொல்லன் அவ்வண்ணமே செய்து வைப்பின் மேலும் இறைச்சி கிடைக்கும். செய்யாது விடின் ஏதோவோர் இரவில் அம்பு அவனையே தேடி வரும்! மரப்பொந்தில் தேனிட்டு, அதில் இறைச்சியை நிரப்பிக் களிமண்ணால் அடைத்துப் பஞ்சகாலத்துக்குச் சேமித்தனர் என்றும் நொக்ஸ் கூறுகின்றார்.

அம்பின் இரும்பலகு அகன்றிருப்பதற்குக் காரணமுண்டு. துப்பாக்கிக் குண்டைப் போல அம்பு அதிர்ச்சியினால் விலங்கை வீழ்த்துவதன்று. குருதிக்குழாய்களை அறுத்துக் குருதி வடியச் செய்தே கொல்லும். ஆதலால் நன்றாகத் தைத்த அம்போடும் மான் ஓடும். வேடர் தொலைவிலிருந்து எய்வதிற் பேர்பெற்றவரல்லர். ஓசையின்றி அணுகுவதிலும் சுவடு காண்பதிலுமே வல்லவர். இலையிற் சிந்திய துளி, மிதிபட்ட புல், ஈரமண்ணிற் பதிந்த குளம்பு ஆகிய இவையே வழிகாட்டிகள். இடையிலே தேடலைக் கைவிட்டால் மானும் வீணே மடியும், குடும்பமும் பசித்திருக்கும்.

வேடரிடையே தங்கி ஆராய்ந்து 1911 இல் நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியர், இத்தேடலுக்கும் நெறியுண்டு எனக் காட்டினர். வேட்டை நிலங்களுக்கு எல்லையுண்டு. ஒருவனுடைய நிலத்திலிருந்து ஓடிய விலங்கு பிறனொருவனின் நிலத்தில் வீழ்ந்தால், அந்நிலத்துக்குரியவனுக்கு இறைச்சியிற் பங்கு கொடுத்தல் வேண்டும். இறந்த பின்னும் வேட்டைக்குத் துணைநிற்பவனாகக் கருதப்பட்ட கந்தே யக்கா என்னும் முன்னோனை வேடர் கிரிகொரஹ என்ற சடங்கில் அழைப்பர். ஆவேசமுற்றவன் குனிந்து மரையின் சுவட்டைத் தேடிச் செல்வதாக ஆடுவான். வழிபாட்டிலும் சுவடு காண்டலே முதன்மை பெற்றமை கவனிக்கற்பாலது.

பின்னர் நேர்ந்தது யாது? 1937 ஆம் ஆண்டின் விலங்கின தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் வேட்டைக்குத் தடைகள் விதித்தது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் காடுகள் பலவற்றை நீரில் ஆழ்த்தியது. எஞ்சிய காட்டின் பெரும்பகுதி 1983 இல் மாதுறு ஓயாத் தேசிய வனமாயிற்று. தம்பானைத் தலைவர் ஊருவரிகே திசாஹாமி, 1998 இல் மறையும் வரை, தம் இடத்தைவிட்டுப் பெயர மறுத்தே வாழ்ந்தார். தந்தை சுவடு பார்த்த அதே மண்ணில் மானைத் தொடர்ந்த மகன் குற்றவாளியானான்.

விலங்குகளைக் காத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், எய்த மானை இறுதிவரை தேடிச் செல்வதைக் கடனாகக் கொண்ட மக்களிடம் ஒரு வார்த்தை கேளாமலே அவர் காட்டை எல்லையிட்டது நீதியாகுமா? இளைஞர்களே, அடுத்தமுறை வள்ளியைப் பாடிச் செல்லும்போது இக்கேள்வியையும் உடன்கொண்டு செல்லுங்கள்.