பாஸ்கரதாஸ், மதுரகவி (1892–1952)

நாடகப் பாடலாசிரியர். இயற்பெயர் வெள்ளைச்சாமி. மதுரையைச் சுற்றிய நாடக மேடைகளுக்கும் கிராமபோன் இசைத்தட்டுகளுக்கும் பாட்டு எழுதியவர்.

திருமங்கலத்தில் வாழ்ந்த நடிகர் விசுவநாததாஸ் பாடிப் பரவச் செய்த வெள்ளைக் கொக்குப் பாட்டு இவர் எழுதியது. ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் காட்சியில் அது ஒலிக்கும். கொக்கு என்பது வெள்ளைக்கார ஆட்சியே என்று சபைக்குத் தெரியும், காவலுக்கு நின்ற போலீசுக்கும் தெரியும். விசுவநாததாஸ் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில் முருகன் வேடத்திலேயே உயிர்நீத்தார்.

விடிய விடிய நடக்கும் நாடகத்தின் பாட்டு, 78 சுழற்சித் தட்டில் பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமாகச் சுருங்கியது. ஆலாபனைக்கு அங்கே இடமில்லை. ஆனால் மேடையில் பாடகரைப் பிடித்துச் செல்லலாம்; வீட்டுக்கு வீடு சுழலும் தட்டை எப்படிப் பிடிப்பது? காந்தியைப் பற்றி இவர் எழுதிய பாடலை கே. பி. சுந்தராம்பாளின் குரல் ஊர்தோறும் கொண்டுசேர்த்தது.

முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) பாடல்களும் இவருடையவை. கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் காந்தியின் ராட்டையைப் பற்றிய பாட்டு அதில் நுழைந்தது. இவருடைய நாட்குறிப்புகளைப் பேரன் ச. முருகபூபதி தொகுத்து நூலாக்கினார்.