கடல்கோளும் காவிரிக் கழிமுகமும்

‘கடல்கோள்’ என்னும் வழக்குத் தமிழ் பயில்வோர்க்குப் புதியதன்று. பாண்டி நாட்டைக் கடல் கொண்ட செய்தியை இறையனார் களவியலுரை கூறுகின்றது. இந்திர விழாவை மன்னன் மறந்தமையாற் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதென்பது மணிமேகலை. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்த பின்னர், இக்கடல்கோள்களும் அத்தகைய பேரலைகளே எனத் துணிந்தோர் பலர். அத்துணிபு பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பூம்புகார் முதற் கோடியக்கரை வரையுள்ள கரை தாழ்ந்த சமவெளியாகும். அதற்கு நேரும் இடர் ஒன்றன்று. 1952, 1977, 2018 ஆகிய ஆண்டுகளில், நவம்பர்த் திங்களிலேயே, பெரும்புயல்கள் நாகை, வேதாரணியப் பகுதிகளைத் தாக்கின. புயற்காற்றாற் கடல் உயருங்கால் ஆற்றுநீரும் மழைநீரும் வடியமாட்டாது நிலத்திலேயே தேங்கும். ஆகவே புயலும் வெள்ளமும் ஒருங்கே வருத்தும். கடல்நீர் புகுந்த வயல் பின்னர் உவர்ப்பேறும். பருவமழை பொய்ப்பின் வறட்சியும் உண்டு. 2017 சனவரியில் வறட்சியுற்றதாக அறிவிக்கப்பட்ட இந்நாடு, 2018 நவம்பரிற் புயலுக்கு ஆட்பட்டது. ஆழிப்பேரலையோ காற்றையும் கார்காலத்தையும் நோக்குவதன்று; சுமாத்திரா அருகே நேர்ந்த நிலநடுக்கத்தாற் பிறந்து, நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேற்பட்டோர் உயிரைக் கவர்ந்தது.

இனி, வேறொன்றும் கருதத்தக்கது. பேரலையும் புயலலையும் ஏறிய நீரை மீளக் கொண்டு செல்வன. ஊர் நிலையாகக் கடலுள் மறைதற்குக் கரையரிப்போ நிலத்தாழ்வோ காரணமாதல் வேண்டும். பூம்புகாரில் தேசியக் கடலியல் நிறுவனத்தார் ஆய்ந்தபோது, அலை ஏறியிறங்கும் இடத்திலேயே செங்கற்கட்டடப் பகுதிகள் காணப்பட்டன. கடல் சிறிது சிறிதாகக் கரையைக் கவர்ந்தமைக்கு இஃது இயைந்த சான்றாகும். ஆண்டு பலவாக நிகழ்ந்த அழிவைக் காப்பியம் ஒரு நாள் நிகழ்ச்சியாகச் சுருக்கிக் கூறுதலும் இயல்பே.

எனவே, ‘கடல்கோள்’ என்பது புயலலை, பேரலை, கரையரிப்பு ஆகிய மூன்றனையும் தழுவிய பொதுச்சொல்லாதல் கூடும். அச்சொல் வருமிடந்தோறும், காற்றும் மழையும் உடன் கூறப்பட்டனவா, நீர் மீண்டதா, ஊர் மீளக் குடியேற்றப்பட்டதா என வினவிப் பொருள் கொள்ளுதல் வேண்டும். அண்மையில் நேர்ந்த ஓர் இடரையே அளவுகோலாகக் கொள்வது நூற்பொருளைத் திரிக்கும். பேரலை ஒன்றையே அஞ்சிப் புயலையும் அரிப்பையும் மறப்பது அக்கரையில் இன்று வாழ்வார்க்கும் தீங்காம் என்பது எம் துணிபு.