முழுகாமல் இருப்பவளும் தண்ணீரும்

கர்ப்பிணியை 'முழுகாம இருக்கா' என்று சொல்வது நம் பேச்சு. மாதத் தலைமுழுக்கு நின்றதால் வந்த சொல். இப்போதோ அவளைத் தண்ணிக்குள் இறங்கி நடக்கச் சொல்கிறார்கள். நெஞ்சளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் எடையில் பெரும்பங்கைத் தண்ணீரே தாங்கும். இடுப்புக்கும் முழங்காலுக்கும் ஓய்வு, கால் வீக்கமும் குறையும். கர்ப்பிணிக்கு வாரம் 150 நிமிட உடலசைவு வேண்டும் என்று 2020இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

கொட்டகலையில் கொழுந்தெடுக்கும் ஒருத்தி அதை முதல் நாளே முடித்துவிடுவாள். அவளுக்குக் குறைவது உடற்பயிற்சி இல்லை. முதுகிலிருந்து பாரம் இறங்கணும், அவ்வளவுதான்.

அந்தப் பாரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கோப்பிக் காலத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான் வந்தார்கள். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கு வருசம் முழுக்கக் கை வேணும். பெண்கள் வந்து லயத்தில் தங்கினார்கள், பிரசவமும் லயத்துக்கு வந்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் சாப்பாடும் தங்குமிடமும் தரச் சொன்னது. கவனியுங்கள், பெற்ற பிறகு! வயிற்றில் சுமக்கும் மாதங்களைப் பற்றித் துரைமார் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. பேறுகாலக் கொடுப்பனவுச் சட்டம் 1939இல் வந்தது. இன்றைய கணக்குப்படி 12 வாரம் லீவு, அதில் பிரசவத்துக்கு முன்னே 2 வாரம்தான். மூன்றாவது பிள்ளைக்குப் பாதி லீவுதான் என்றிருந்த பாகுபாடு 2018இல்தான் நீங்கியது. அதுவரை மூன்றாம் பிள்ளை லேசாகப் பிறக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

தண்ணிக்கு இங்கே பஞ்சமில்லை. கொத்மலை ஓயா பக்கத்திலேயே ஓடுகிறது. 2012இல் தலவாக்கலையில் அதை மறித்து 150 மெகாவாட் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் பயிற்சிக்கு ஏற்ற இதமான சூட்டுத் தண்ணியோ, வழுக்காத தரையோ, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள ஆளோ ஆற்றில் கிடையாது. லயத்துப் பெண்ணுக்குத் தெரிந்த தண்ணி பீலித் தண்ணி. அது அவளைத் தாங்காது. அவள்தான் அதைக் குடத்தில் தாங்கிக்கொண்டு படியேறணும். ஆகவே இங்கே நீச்சல்குளம் கேட்பதற்கு முன் லயத்துக்குள் குழாய் கேட்கணும், ஆறாம் மாதத்திலேயே கூடையை இறக்கி, பேர் குறையாமல் லேசான வேலை கேட்கணும் என்பது எங்கள் கருத்து.

உங்கள் வீட்டு அம்மாயிகளிடம் எத்தனையாவது மாதம் வரை கூடை போட்டார்கள் என்று கேளுங்கள். செக்ரோலில் பேரும் கிலோவும் பதிவாகும், வயிற்றுப் பிள்ளையின் மாதம் பதிவாகாது. கேட்டதை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்.