பிரதி எழுதிய கைகள்

பெங்களூர்க் கஸ்தூர்பா சாலையில், அரசாங்கப் பொருட்காட்சிசாலையை அடுத்து, மைசூர்ச் சித்திரக்காரர் கே. வெங்கடப்பாவின் பெயர் தாங்கிய சித்திரசாலை ஒன்று இருக்கிறது. அவர் எழுதிய உதகமண்டலக் காட்சிகளையும் கொடைக்கானல் காட்சிகளையும் அங்கே காண்போர் அந்த நீர்வர்ண நுட்பத்தை வியப்பதோடு நின்றுவிடுகிறார்கள். இளமையில் அவர் அஜந்தாக் குகைகளுக்குப் பிரதி எழுதப் போனவர் என்பதும், அந்தப் பணியை நடத்திய ஆங்கில மாது இத்தாலியச் சமயச் சித்திரங்களைப் பிரதி எழுதியே கைதேர்ந்தவர் என்பதும் நம்மில் அநேகருக்குத் தெரியாது.

பிரதி என்றாலே மட்டம் என்று எண்ணும் வழக்கம் பிற்காலத்தில் வந்தது. மத்திய கால இத்தாலியில், மகிமை பெற்ற மாதா படத்தைப் பார்த்துப் பக்தியோடு எழுதிய படமும் வணக்கத்துக்கு உரியதாகவே கொள்ளப்பட்டது. ரோமாபுரியின் சாந்தா மரியா மஜ்ஜோரே ஆலயத்தில் நெடுங்காலம் பூஜிக்கப்பட்டு வந்த மாதா படத்தை 1569-இல் போப்பாண்டவரின் அனுமதி பெற்றுப் பிரதி எடுக்கச் செய்தார், இயேசு சபைத் தலைவர் பிரான்சிஸ் போர்ஜியா. அந்தப் பிரதியிலிருந்து மேலும் பிரதிகள் பிறந்து கடல் கடந்தன. 1580-இல் இயேசு சபையின் அக்வவீவா பாதிரியாரும் அவருடைய தோழர்களும் பத்தேப்பூர் சிக்ரி சேர்ந்தபோது அவற்றில் ஒன்று அக்பர் பாதுஷாவின் சபைக்கு வந்தது. பாதுஷாவே அதற்கு மரியாதை செய்தார். இத்தாலியச் சமயச் சித்திரம் பாதுஷாவின் சபைக்கு வந்ததும் பிரதி வடிவில்தான்.

அந்தச் சித்திரங்கள் எழுதப்பட்ட முறையைச் சென்னினோ சென்னினி என்பவர் 1400-ஆம் ஆண்டையொட்டி ஒரு நூலில் விவரித்தார். இத்தாலியச் சித்திரக்காரர் ஜொத்தோவின் சீடர் தத்தேயோ காத்தி. அவருடைய மகன் அஞ்ஞோலோ. அந்த அஞ்ஞோலோவிடம் பன்னிரண்டு வருஷம் குருகுலவாசம் செய்தவர் சென்னினி. பலகைக்குப் பசை பூசி, மெல்லிய துணி ஒட்டி, அதன்மேல் ஜிப்சமும் பசையும் கலந்த வெண்பூச்சைப் படலம் படலமாக ஏற்றி, தந்தம்போல் வழுவழுப்பாகும்வரை சுரண்டி, பொன் வரவேண்டிய இடத்தில் செம்மண் பூசித் தங்கரேக்கு ஒட்டி மெருகேற்றி, முகங்களுக்கு அடியில் பச்சை மண் தீட்டி, பிறகே மேனி நிறத்தை அணில் மயிர்த் தூரிகையால் இழை இழையாக இட வேண்டும். நிறத்தைப் பிணைப்பது கோழிமுட்டையின் மஞ்சட்கரு. இளையோர் முகத்துக்கு வெளிறிய கருவுடைய பட்டணத்துக் கோழியின் முட்டையையும், முதியோருக்கும் கறுத்த மேனியருக்கும் சிவந்த கருவுடைய கிராமத்துக் கோழியின் முட்டையையும் கொள்ள வேண்டும் என்று அவர் வகுத்திருப்பதைப் படிக்கும்போது, தொழிலை உயிராக நேசித்த மனிதர் என்று தோன்றுகிறது. மாணவனுக்கு அவர் சொன்ன முக்கியமான உபதேசங்களில் ஒன்று, சிறந்த ஆசான் ஒருவரைத் தேர்ந்து அவருடைய படைப்பை இடையறாது பார்த்து எழுதிப் பழகு என்பது.

இந்நூலை 1899-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர், தொடக்கத்தில் குறித்த ஆங்கில மாது கிறிஸ்டியானா ஹெரிங்ஹாம் அம்மையார். பெயர்த்ததோடு அமையாமல், சென்னினி சொன்ன பாகங்களைத் தம் கையாலேயே சோதித்துப் பார்த்து, போத்திசெல்லி முதலியோரின் படங்களை முட்டைக்கரு வர்ணத்தில் பிரதி எழுதினார். 1901-இல் அம்முறையைப் போற்றுவோரின் சங்கம் ஒன்றையும் நிறுவினார். ஏடு காட்டும் சாஸ்திரத்தைக் கை அறியும் சாஸ்திரமாக மாற்றிக்கொண்ட இந்த அம்மையாரிடம் எனக்குத் தனி மதிப்பு உண்டு. 1906-இல் முதன்முறை இந்தியா வந்து அஜந்தாவைக் கண்ட அவர், அதன் சுவர்ச் சித்திரங்கள் அழிந்துபடுமுன் பிரதி எடுத்தாக வேண்டும் என்று உறுதி பூண்டு, 1909 முதல் 1911 வரை அடுத்தடுத்த இரு குளிர்காலங்களில் அங்கே தங்கிப் பணி செய்தார்.

அவருக்குத் துணையாக அவனீந்திரநாத் தாகூரின் சிஷ்யர்கள் கல்கத்தாவிலிருந்து வந்தார்கள்: நந்தலால் போஸ், அசித்குமார் ஹல்தார், சமரேந்திரநாத் குப்தா, இவர்களோடு நம் வெங்கடப்பா. ஹைதராபாத்திலிருந்து சையத் அகமதும் பஸ்லுத்தீனும் சேர்ந்தார்கள். இத்தாலியில் ஈரச் சுண்ணத்தின்மேல் எழுதினார்கள்; அஜந்தாவிலோ உமியும் களிமண்ணும் கலந்த பூச்சின்மேல் மெல்லிய சுண்ணம் தடவி, உலர்ந்த பின் பசை கலந்த வர்ணத்தால் எழுதினார்கள். ஆனாலும் மாதாவின் நீல மேலாடைக்கும் அஜந்தாவின் நீலத்துக்கும் வேண்டிய ராஜவர்த்தக் கல் வந்தது ஒரே பதக்ஷான் மலைகளிலிருந்துதான். மைசூர் அரண்மனைச் சித்திரக்காரர் குடும்பத்தில் 1886-இல் பிறந்த வெங்கடப்பாவுக்கு, வெண்பூச்சும் தங்கரேக்கும் அணில் மயிர்த் தூரிகையும் அன்னியமானவை அல்ல. மைசூர்ச் சம்பிரதாயப் படங்களில் தெய்வத்தின் ஆபரணங்கள் அப்படித்தானே மேடிட்டுப் பொலிகின்றன!

இந்தப் பிரதிகளின் அருமை அவற்றுக்கு முன் நடந்ததையும் பின் நடந்ததையும் பார்த்தால் விளங்கும். மேஜர் ராபர்ட் கில் அஜந்தாவில் பல்லாண்டு உழைத்து எழுதிய பிரதிகளில் பெரும்பாலானவை 1866-இல் லண்டன் ஸ்படிக மாளிகைத் தீயில் வெந்தன. பம்பாய்க் கலைப்பள்ளியின் கிரிபித்ஸ் தம் மாணவர்களைக் கொண்டு எழுதுவித்தவற்றிலும் பல 1885-இல் நெருப்புக்கு இரையாயின. 1920-இல் நிஜாம் அரசாங்கம் இத்தாலியிலிருந்தே செக்கோனி, ஓர்சீனி என்ற இருவரை வரவழைத்துச் சுவர்களைச் செப்பனிடச் செய்தது. பூச்சு உதிராமல் நின்றது அவர்கள் கைராசி. ஆனால் அவர்கள் தடவிய அரக்கு மெருகு நாளடைவில் மஞ்சளித்து மூலத்தின் நிறங்களை மங்கச் செய்துவிட்டது. ஆகையால், 1915-இல் லண்டன் இந்தியா சங்கம் வெளியிட்ட ஹெரிங்ஹாம் குழுவின் பிரதிகள், அந்த மெருகு ஏறுவதற்கு முந்தைய அஜந்தாவுக்குச் சாட்சியாகிவிட்டன. அம்மையாரோ 1911-இல் மனநிலை குலைந்து, அதிலிருந்து மீளாமலே 1929-இல் காலமானார். புஸ்தகம் வெளியான பெருமையை அநுபவிக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வெங்கடப்பா கல்கத்தாவிலிருந்து மைசூருக்குத் திரும்பி, வீணை சேஷண்ணாவிடம் சங்கீதமும் பயின்றார். குருவின் கமகத்தை அட்சரம் பிசகாமல் திருப்பி வாசிக்கும் சிஷ்யனை யாரும் நகல் எடுப்பவன் என்று இகழ்வதில்லை. சித்திரத்தில் மட்டும் அந்த நியாயம் ஏன் மறந்துபோயிற்று என்பது எனக்கு விளங்கவில்லை. பிற்காலத்தில் நீலகிரியின் முன் உட்கார்ந்தபோதும், மேகத்தின் ஒவ்வொரு சாயலையும் விடாமல் தொடரும் அதே பொறுமையோடுதான் அவர் எழுதினார். 1965-இல் அவர் மறைந்த பின், அந்த மலைக்காட்சிகளும் அவர் வடித்த சுதைப் புடைப்புச் சிற்பங்களும் கஸ்தூர்பா சாலைச் சித்திரசாலைக்கு உடைமையாயின.