தாய்ச் செடியின் துன்பமும் விதையின் நினைவும்

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது பழமொழி. பிள்ளை தாயின் சாயலைப் பெறுவதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் தாய் தன் வாழ்நாளிற் பட்ட துன்பத்தின் பயனையும் பிள்ளை பெறுமா என்பது வேறு வினா. புழு அரித்த செடியின் விதையிலிருந்து முளைக்கும் செடி, புழுவை எதிர்க்கும் ஆற்றலுடன் பிறக்குமா? நோயுற்றுப் பிழைத்த பயிரின் வித்து, நோயைத் தாங்கும் வலிமையைத் தன்னுடன் கொண்டு வருமா? எளிதாகத் தோன்றும் இவ்வினா இருநூறு ஆண்டுகளாக அறிஞரைப் பிரித்து வைத்தது. ஒரு நாட்டில் அறிஞரின் உயிரையும் பலிகொண்டது.

பிரெஞ்சு அறிஞர் லாமார்க் 1809இல் வெளியிட்ட நூலில், உயிர்கள் தம் வாழ்நாளில் ஈட்டும் மாற்றங்கள் வழித்தோன்றல்களுக்குச் செல்லும் என்றார். 1880களில் ஜேர்மானிய அறிஞர் வைஸ்மன் இதனைச் சோதிக்க முற்பட்டார். ஐந்து தலைமுறை எலிகளின் வால்களை அவர் வெட்டினார். பிறந்த 901 குட்டிகளும் வாலுடனேயே பிறந்தன. இனப்பெருக்கக் கலங்கள் உடற்கலங்களினின்றும் தனித்து நிற்பவை, உடல் பட்ட காயம் அவற்றை எட்டாது என்பது அவர் கொள்கை. 1900இல் மெண்டலின் விதிகள் மீண்டும் வெளிச்சத்துக்கு வரவே, வினா முடிந்துவிட்டதென்றே பலரும் கருதினர்.

ஆயினும் செடி எலியன்று. விலங்கில் இனப்பெருக்கக் கலங்கள் கருவிலேயே ஒதுக்கி வைக்கப்படுகின்றன. செடியிலோ, நேற்று இலைகளை ஈன்ற அதே தளிர்நுனிதான் நாளை பூவை ஈன்கிறது. வறட்சியையும் புழுவையும் பட்டறிந்த உடலிலிருந்தே விதை பிறக்கிறது. வைஸ்மன் எழுப்பிய மதில் தாவர உலகில் அத்துணை உயரமானதன்று.

இவ்வினா சோவியத் நாட்டில் அரசியலாயிற்று. குளிர்காலக் கோதுமை கடுங்குளிரைக் கடந்த பின்னரே உரிய காலத்திற் பூக்கும். முளைக்கும் விதையைக் குளிரூட்டி அத்தேவையை நிறைவேற்றலாம் என்பதைக் காஸ்னர் என்னும் ஜேர்மானியர் 1918இல் காட்டியிருந்தார். 1929இல் இம்முறையைத் தம் பெயரோடு விளம்பரப்படுத்தியவர், உக்ரேனிய உழவர் குடும்பத்திற் பிறந்த துரொபிம் லைசென்கோ. அவர் அதனோடு நின்றாரல்லர். சூழலை மாற்றினால் பயிரின் இயல்பே மாறும், அம்மாற்றம் சந்ததிக்கும் செல்லும், குளிர்காலக் கோதுமை வசந்தகாலக் கோதுமையாகிவிடும் என்றார். 1932, 1933ஆம் ஆண்டுகளில் பஞ்சம் கண்ட நாடு அது. புதிய பயிரினத்தை உருவாக்கப் பல ஆண்டுகள் வேண்டும் என்று சொன்ன அறிஞரை விட, உடனே விளைவு தருவேன் என்றவரே ஆட்சியாளர்க்கு இனியவரானார். ஒப்பிட்டுப் பார்க்க உரிய சோதனைகள் இல்லை. கூட்டுப் பண்ணைகளிலிருந்து வந்த வினாக்கொத்து விடைகளே சான்றாயின.

மறுபுறம் நின்றவர் நிக்கொலாய் வவிலோவ். பயிர்களின் நோயெதிர்ப்பைப் பற்றி 1919இலேயே நூல் எழுதியவர் அவர். எதிர்ப்பாற்றலை உழவரின் பழைய பயிர்வகைகளிலும் காட்டு உறவினங்களிலும் தேடி, கலப்பினால் நற்பயிர்களுக்குக் கொண்டுவருதல் வேண்டும் என்பது அவர் நெறி. அதற்காகப் பல கண்டங்களில் அலைந்து, லெனின்கிராட்டில் உலகின் மிகப் பெரிய விதைத் தொகுப்பை அமைத்தார். லைசென்கோவின் குளிரூட்டும் முறையைத் தொடக்கத்தில் அவரே பாராட்டினார். பரம்பரை பற்றிய கூற்றுக்களையே மறுத்தார். 1940 ஓகஸ்டில், விதை தேடிச் சென்ற பயணத்திலேயே கைது செய்யப்பட்டார். மரண தண்டனை பின்னர் இருபதாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. பசிப்பிணியை ஒழிக்க உழைத்த அவர், 1943 ஜனவரியில் சராதொவ் சிறையிற் பட்டினியால் நலிந்து இறந்தார். முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட்டிலோ, அவர் சேர்த்த விதைகளை உண்ணாது காத்த ஊழியர் சிலரும் பசியால் மாண்டனர். 1948இல் லைசென்கோவின் கொள்கையே அரசின் கொள்கையென அறிவிக்கப்பட்டது. 1965இல்தான் அவர் பிறப்புரிமையியல் நிறுவனத்தின் தலைமையினின்றும் நீக்கப்பட்டார்.

பொய்யுரை வீழ்ந்தது, வினா வீழவில்லை. 1962இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ற்வித்தில் டுரான்ற் என்பவர் ஆளிச் செடியை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. வெவ்வேறு உரமிட்ட செடிகளின் சந்ததிகள், ஒரே மண்ணில் வளர்ந்தபோதும் பெரியனவும் சிறியனவுமாகத் தலைமுறைகள் தோறும் வேறுபட்டு நின்றன. 1999இல் அகரவால், லாவொர்ஷ், ரொல்றியன் ஆகியோர் காட்டு முள்ளங்கியை ஆராய்ந்தனர். ஒரு பகுதிச் செடிகளிற் கோவா வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுக்களை மேயவிட்டனர். மறுபகுதியைப் புழுவின்றி வளர்த்தனர். புழு கடித்த செடிகளின் பிள்ளைகளிற் புழுக்கள் குறைவாகவே வளர்ந்தன.

2012இல் ஒரே ஆய்விதழில் மூன்று கட்டுரைகள் வெளிவந்தன. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடொப்சிஸ் என்னும் சிறு களையிலும் தக்காளியிலும், புழுவால் தாக்குண்ட செடிகளின் சந்ததி புழுவை மிகுதியாக எதிர்த்தது. களையில் அவ்வாற்றல் இரு தலைமுறை நீடித்தது. பற்றீரியா நோயுற்ற செடிகளின் சந்ததியிலும் எதிர்ப்பு மிகுந்திருந்தது. பரம்பரையலகின் எழுத்துக்கள் மாறவேண்டியதில்லை. எழுத்துக்களின் மேல் இடப்படும் இரசாயனக் குறிகளும், நுண்ணிய ஆர்.என்.ஏ. துணுக்குகளும் செடியை முன்கூட்டியே விழிப்புறச் செய்கின்றன என்பது ஆய்வாளர் கருத்து. அத்துணுக்குகளை ஆக்கும் திறனிழந்த செடிகளிற் புழுவெதிர்ப்பு சந்ததிக்குச் செல்லவில்லை.

எனினும் இந்த நினைவுக்கு எல்லையுண்டு. உயிருள்ள கலங்களிலிருந்து உணவு உறிஞ்சும் கிருமியை எதிர்த்த அதே சந்ததி, கலங்களைக் கொன்று உண்ணும் பூஞ்சணத்துக்கு எளிதில் இரையாயிற்று. ஒரு வாயிலைக் காக்க மறுவாயிலைத் திறந்துவிடும் காவல் இது. மேலும், துன்புற்ற தாய் எப்போதும் வலிய பிள்ளையை ஈனுவதில்லை. வாடிய செடி மெலிந்த விதையையும் தரலாம். நலிந்தவை மாண்டு வலியவை மட்டும் விதை தந்தால், அது தெரிவேயன்றி நினைவாகாது. இவற்றைப் பிரித்தறிந்த பின்னரே முடிவு கூறல் தகும்.

லைசென்கோ பெரிதும் போற்றிய குளிரின் கதையே இதற்குத் தக்க சான்று. கடந்த குளிரைச் செடி நினைவில் வைப்பது உண்மையே. ஆனால் விதை உருவாகும்போது அந்நினைவு அழிக்கப்படுகிறது. அதனாலேயே ஒவ்வொரு தலைமுறையும் தன் குளிர்காலத்தைத் தானே கடக்கவேண்டியுள்ளது. எந்நினைவு விதைக்குச் செல்லும், எது செல்லாது என்பதை ஆணையிட்டு அறிய முடியாது; செடியிடமே கேட்டறிதல் வேண்டும். வவிலோவ் இட்ட வழி அதுவே. 1955இல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. அவர் சேர்த்த விதைகள் பின்னாளிற் பல பயிர்களுக்குத் தாயாயின.