கதவில் நான்கு துளைகள்: கண்காணிப்புக் கேமராவின் வரலாறு



பள்ளியில் கண்காணிப்புக் கேமரா பொருத்துவது பற்றிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் பேச்செழுந்தால், முதலில் வரும் வினா "எத்தனை கேமரா?" என்பதே. அடுத்தது "என்ன விலை?" என்பது. இவ்விரண்டுக்கும் முன்பே கேட்க வேண்டியது ஒன்றுண்டு: அந்தப் படத்தில் நாம் எதைக் காண வேண்டும்? இக்கருவியின் வரலாறு நெடுகிலும் இவ்வினாவே தொடர்ந்து வருகின்றது.

நம் நாளிதழ்கள் இதனை 'இரகசியக் கேமரா' என்றும் 'மறைகாணி' என்றும் எழுதுவதுண்டு. எனக்கு அப்பெயர்களில் உடன்பாடில்லை. இது மறைவாக இருக்க வேண்டிய கருவியன்று. 'மூடிய சுற்றுத் தொலைக்காட்சி' என்னும் பெயரே பொருந்தும். படம் வானலையில் எல்லார்க்கும் பரவாமல், குறித்த சில திரைகளுக்கு மட்டும் சென்று சேர்வதால் அப்பெயர் பெற்றது.

இதன் தொடக்கம் போர்க்களத்தோடு தொடர்புடையது. 1942-ஆம் ஆண்டு, செருமனியின் பேனமுண்டே தளத்தில் வி-2 ஏவுகணைகள் சோதிக்கப்பட்டன. அருகில் நின்று பார்ப்பது உயிருக்கு ஆபத்து. தொலைவில் நின்றால் ஒன்றும் தெரியாது. வால்ட்டர் புரூக் என்னும் பொறியாளர் கேமராவை ஏவுதளத்திலும் திரையைப் பாதுகாப்பான இடத்திலும் அமைத்தார். இவரே பின்னாளில் 'பால்' வண்ணத் தொலைக்காட்சி முறையை உருவாக்கியவர். 2019-இல் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்படும் வரை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் பார்த்தது அம்முறையில்தான்.

இக்கருவியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர் ஒரு தாதி. மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் அக்கருப்பினப் பெண்மணி நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்தவர். குற்றங்கள் மிகுந்த வட்டாரம் அது. அழைத்தாலும் காவல்துறை விரைந்து வருவதில்லை. வேளை கெட்ட வேளையில் கதவு தட்டப்பட்டால் திறப்பதா, வேண்டாவா? மின்னணுத் தொழில்நுட்பரான தம் கணவர் ஆல்பர்ட் பிரவுனோடு சேர்ந்து 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 டிசம்பர் 2-ஆம் நாள் அது வழங்கப்பட்டது.

அவ்வமைப்பில் நான் மிகவும் வியப்பது கதவிலிருந்த நான்கு துளைகளை. அவை வெவ்வேறு உயரங்களில் அமைந்திருந்தன. மேல்துளை உயரமானவர்க்கு, கீழ்த்துளை சிறுவர்க்கு. மோட்டாரால் இயங்கும் கேமரா மேலும் கீழும் நகர்ந்து வேண்டிய துளையின் வழியே நோக்கும். படம் உள்ளறைத் திரையில் தெரியும். ஒலிவாங்கி வழியே வந்தவரோடு பேசலாம். நம்பத்தக்கவராயின் பொத்தானை அழுத்திக் கதவைத் திறக்கலாம். அல்லாதவராயின் அபாய ஒலி எழுப்பலாம். கதவுக்கு வெளியே நிற்பவர் முகம் எந்த உயரத்தில் இருக்கும் என்பதை முதலில் எண்ணிப் பார்த்து, அதன்பின் கருவியை அமைத்திருக்கிறார்கள்.

அடுத்து வந்த ஆண்டுகளில் கேமரா தெருவுக்கும் கடைத்தொகுதிக்கும் பரவியது. 1970-களில் நாடாவில் பதிவு செய்யும் வசதியும் எளிதாயிற்று. ஒரே நாடாவைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் படம் தேய்ந்து மங்கியது வேறு கதை.

1993 பிப்ரவரி 12. இங்கிலாந்தின் லிவர்பூலுக்கு அருகே பூட்டல் என்னும் ஊரின் கடைத்தொகுதியில், இரண்டு வயதுக் குழந்தையொன்றைப் பத்து வயதுச் சிறுவர் இருவர் அழைத்துச் செல்வது கேமராவில் பதிவானது. குழந்தை கொல்லப்பட்டது. கேமரா கண்டது, காக்கவில்லை. படமோ மங்கல். அது தொலைக்காட்சியில் காட்டப்பட்டபோது, சிறுவருள் ஒருவனை முன்பே அறிந்திருந்த பெண்மணி ஒருவர் அடையாளம் கண்டார். அறியாதவர் எவர்க்கும் அப்படம் ஒரு முகத்தைத் தந்திராது.

பிரிட்டனின் உள்துறை அமைச்சு 1994 முதல் நகரக் கேமராத் திட்டங்களுக்கு நிதி வழங்கியது. அளவுகளும் வகுக்கப்பட்டன. திரையின் உயரத்தில் மனித உருவம் 10 விழுக்காடு இருந்தால் 'ஆள் இருக்கிறார்' என்று அறியலாம். 50 விழுக்காடு இருந்தால் தெரிந்தவரை 'இன்னார்' எனலாம். முன்பின் அறியாதவரை ஐயமின்றி அடையாளங்காண 120 வேண்டும். அதாவது உருவம் திரையை மீற வேண்டும். 2009-இல் இது 100 ஆகக் குறைக்கப்பட்டது.

எண்ணிமக் கேமரா வந்தபின் கணக்கு மாறியது. 2014-இல் வெளியான அனைத்துலகத் தரநிலை, காட்சியின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் இத்தனை படப்புள்ளி என வகுத்தது: ஆள் இருப்பதை அறிய 25, தெரிந்தவரை அறிய 125, அறியாதவரை அடையாளங்காண 250. கிடைவாக்கில் 1920 புள்ளிகள் கொண்ட கேமராவை எடுத்துக்கொள்வோம். 250-ஆல் வகுத்தால் 7.68 மீட்டர். ஒரு பள்ளி வாயிலுக்கு அது போதும். அதே கேமராவைத் திடல் முழுவதும் தெரியுமாறு 76 மீட்டர் அகலத்துக்கு விரித்தால், யாரோ நடமாடுகிறார் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு வகுத்தல் கணக்காகவே கொடுக்கலாம்!

பொருத்தும்போது வெளிச்சத்தையும் கருத வேண்டும். கிழக்கு நோக்கிய வாயிலை உள்ளிருந்து பார்க்கும் கேமராவுக்கு, மாணவர் நுழையும் காலை வேளையில் சூரியன் எதிரே நிற்கும், முகங்கள் கருநிழலாகும். வாயிலை ஒட்டி மிக உயரத்தில் மாட்டினால் உச்சந்தலைதான் பதிவாகும். உயரம் தவிர்க்க முடியாததாயின், கேமராவைப் பின்னே தள்ளிப் பொருத்திக் குவியத் தூரம் கூடிய வில்லையைப் பயன்படுத்த வேண்டும். அப்போது பார்வைக் கோணம் தாழ்ந்து முகம் தெரியும். வலையமைப்புக் கம்பியின் நீளம் 100 மீட்டரைத் தாண்டலாகாது என்பதையும் பொருத்துவோரிடம் முன்னரே சொல்லி வைப்பது நன்று.